தி திங் (1982): கம்பி சூடாகும் வரை யாரையும் நம்ப வேண்டாம்

ஜான் கார்ப்பென்டரின் 'தி திங்' படத்துக்கு ரசிகர்களில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சிக்கு அந்தப் படம் என்றால் உருமாற்றத் தந்திரக்காட்சிகளுக்காக ராப் பாட்டின் செய்த ரப்பரும் கூழும் ரத்தமும்தான். இன்னொரு கட்சிக்குக் கடைசிக் காட்சியில் பனியில் உட்கார்ந்திருக்கும் இருவரில் யார் மனிதன் என்ற தீராத வழக்கு. நடுவில் இருக்கும் ஒரு மணி நேரத்தை இரண்டு கட்சிக்காரர்களும் தாவிவிடுகிறார்கள். அங்கேதான் படத்தின் முதுகெலும்பு இருக்கிறது: எந்த உயிரையும் நகலெடுக்கும் ஒரு வேற்றுலக உயிரோடு அன்டார்க்டிகாவின் அமெரிக்க முகாமில் அடைபட்ட பன்னிரண்டு பேரில் யார் எப்போது எங்கே இருந்தார், யாரோடு தனியாக இருந்தார் என்ற கணக்கு. கையில் தாளும் பென்சிலும் வைத்துப் பார்த்தாலும் இந்தப் படம் அலுக்காது. கதை முழுவதையும் இங்கே உடைத்துத்தான் பேசப்போகிறோம். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.

முதலில் பூர்வீகம். ஜான் டபிள்யூ. கேம்ப்பெல் 1938இல் டான் ஏ. ஸ்டூவர்ட் என்ற புனைபெயரில் ஒரு குறுநாவல் எழுதினார். அன்டார்க்டிகா முகாமில் பனிக்கடியிலிருந்து ஓர் உயிர் கிடைக்கிறது. அது எந்த உயிரையும் அப்படியே நகலெடுக்கும். 1951இல் ஹாவர்ட் ஹாக்ஸ் தயாரிப்பில், கிறிஸ்டியன் நைபி இயக்கத்தில் வந்த முதல் படம் இந்த நகலெடுக்கும் சங்கதியையே கழற்றிவிட்டது. ஜேம்ஸ் ஆர்னெஸ் நடித்த நெட்டையான, தாவர வகையைச் சேர்ந்த ஒரு மனித உருவம் மட்டும் மிஞ்சியது. எனவே 1982 படத்தை ரீமேக் என்று சொன்னாலும், பில் லங்காஸ்டரின் திரைக்கதை திரும்பிப் போனது கேம்ப்பெல்லிடம்தான். சூடான கம்பியால் ரத்தத்தைச் சோதிக்கும் யோசனையும் மூலக்கதையிலேயே இருக்கிறது. பழைய படத்துக்கான மரியாதை வேறு இடங்களில் தெரிகிறது. தலைப்பு எரிந்து திறக்கும் விதம் ஒன்று. பறக்கும் தட்டைச் சுற்றி ஆட்கள் வட்டமாக நிற்கும் காட்சி, அந்த உயிரை முதலில் கண்டெடுத்த நார்வே முகாம்காரர்களின் வீடியோவில் மறுபடி வருவது இன்னொன்று. 'பழசுதான் நல்லது' என்பவர்களிடம் சண்டைக்குப் போக வேண்டியதில்லை. ஒருவர் பேச்சின் மேல் இன்னொருவர் பேசும் அந்த வேகம் 1951 படத்தின் தனிச் சொத்து. ஆனால் அது வெளியிலிருந்து வரும் எதிரியின் கதை. இதில் எதிரி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான்.

பார்ப்பதற்கு முன் செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. முதல் காட்சியில் ஹெலிகாப்டரில் நாயைத் துரத்தி வரும் நார்வேக்காரர் கத்துவதைப் படம் வேண்டுமென்றே மொழிபெயர்க்காமல் விட்டிருக்கிறது. அதையும் பெயர்த்துக் கொடுக்கும் சப்டைட்டில் கோப்பு கையில் கிடைத்தால் முதல் பத்து நிமிடம் அதை அணைத்துவையுங்கள். அவர் 'இது நாய் இல்லை' என்றுதான் சொல்கிறார். முழுக் கதையும் அந்த ஒரு வரியில் கொட்டிவிடும். நார்வே மொழி தெரிந்தவர்களுக்கு இந்தப் படம் முதல் நாளிலிருந்தே கொஞ்சம் அநியாயம்தான்.

இனி விதிகள். இவை படத்துக்குள்ளேயே சொல்லப்பட்டவை. எந்த ரசிகர் கோட்பாட்டையும் இவற்றோடு உரசிப் பார்க்கலாம். அந்த உயிரின் ஒவ்வொரு துணுக்கும் தனி உயிர், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கும். நகலெடுக்க அதற்குக் கொஞ்ச நேரமும் தனிமையும் வேண்டும். நகலெடுக்கும்போது துணி கிழிகிறது. கிழிந்த உள்ளாடை முகாமில் அங்கங்கே கிடைப்பது அதனால்தான். முகாமின் உயிரியலாளர் பிளேரின் கணினி இரண்டு எண்களைக் காட்டுகிறது: முகாமில் ஒருவராவது தொற்றுக்கு ஆளாகியிருக்க 75 சதவீத வாய்ப்பு, அது மக்கள் வாழும் பகுதிக்குப் போய்ச் சேர்ந்தால் உலகம் முழுக்கப் பரவ 27,000 மணி நேரம். வகுத்துப் பார்த்தால் 1,125 நாள், மூன்று வருடத்துக்குச் சற்று மேலே. பிளேர் ஏன் வானொலியையும் ஹெலிகாப்டரையும் அடித்து நொறுக்குகிறார் என்று அப்புறம் யாரும் கேட்க வேண்டியதில்லை. முகாமில் அந்த நேரத்தில் சரியாகக் கணக்குப் போட்ட ஒரே ஆள் அவர்தான். அவரைத்தான் பைத்தியம் என்று கொட்டகையில் பூட்டுகிறார்கள்.

நார்வேக்காரர் துரத்திவந்த நாயைக் கவனியுங்கள், முகாமுக்குள் வரும் முதல் நகல் அதுதான். ஓநாய்க் கலப்பான ஜெட் என்ற அந்த நாய் கேமரா பக்கம் திரும்புவதே இல்லை; தாழ்வாரத்தில் மெதுவாக நடந்து ஒவ்வொரு அறை வாசலிலும் நின்று பார்க்கிறது. நாள் முழுக்க அது முகாமுக்குள் அவிழ்த்துவிடப்பட்டிருக்கிறது. இரவில்தான் நாய்களைப் பார்த்துக்கொள்ளும் கிளார்க் அதைக் கூண்டில் அடைக்கிறார். நடுவில் ஓர் அறைக்குள் நுழைகிறது, சுவரில் ஒரு நிழல் திரும்புகிறது. அது முகாம்வாசிகளில் நாரிஸா, பால்மரா? நிழலின் மூக்கை அளந்து தீர்ப்பு எழுதியவர்கள் பலர். வீண் வேலை. யாரென்று அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காகவே அங்கே டிக் வார்லாக் என்ற சண்டைக் கலைஞரை நிறுத்திப் படம்பிடித்தார்கள். இயக்குநரே திருகிவைத்த பூட்டு அது.

யார் நகல் என்று சோதிக்கப் பயன்பட்டிருக்கக்கூடிய முகாமின் ரத்தச் சேமிப்பை நாசமாக்கியது யார் என்பது இதைவிடப் பலனுள்ள கேள்வி. குளிர்பெட்டி உடைக்கப்படவில்லை, சாவியால் திறக்கப்பட்டிருக்கிறது. சாவி முகாம் தலைவர் கேரியிடம்; அதைக் கேட்டு வாங்கக்கூடியவர் டாக்டர் காப்பர். எல்லோரும் இந்த இருவரையே முறைக்கிறார்கள். ஆனால் சக ஊழியர் பென்னிங்ஸை அந்த உயிர் சுற்றி இறுக்கிக்கொண்டிருக்கும் அறைக்கு வானொலிக்காரர் விண்டோஸ் திரும்பி வரும் இடத்தை ஒலியோடு மறுபடி பாருங்கள். கையிலிருந்த சாவிக்கொத்தைப் போட்டுவிட்டு ஓடுகிறார். அதன் பிறகு சாவியை யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். படம் இதை விளக்குவதில்லை, கோடிட்டும் காட்டுவதில்லை. கவனிக்காதவர்கள்தான் 'லாஜிக் ஓட்டை' என்கிறார்கள்.

இனி ரத்தச் சோதனை. எல்லோரையும் சோபாவோடும் நாற்காலியோடும் சேர்த்துக் கட்டுகிறார்கள். கட்டைவிரலைக் கீறி, ரத்தத்தை ஆளுக்கொரு கண்ணாடிக் கிண்ணத்தில் பிடித்து, பெயர் எழுதி வைக்கிறார்கள். கதாநாயகன் மெக்ரெடி (கர்ட் ரஸ்ஸல்) நெருப்பு பீய்ச்சும் ஃப்ளேம்த்ரோவரின் சுடரில் கம்பியைக் காய்ச்சி ஒவ்வொரு கிண்ணத்திலும் தொடுகிறார். மனித ரத்தம் சீறி அடங்கும். அந்த உயிரின் ரத்தம் தனி உயிர் என்பதால் சூட்டுக்குப் பயந்து ஓடப் பார்க்கும். வரிசை முக்கியம்: முதலில் விண்டோஸ், பிறகு மெக்ரெடியே, அடுத்து இறந்துகிடக்கும் காப்பரும், சற்று முன் மெக்ரெடி சுட்டுக்கொன்ற கிளார்க்கும். கிளார்க் மனிதன்தான் என்று தெரிந்த நொடியில் மெக்ரெடி கொலைகாரனாகிவிடுகிறார்; கட்டுண்டிருக்கும் சைல்ட்ஸ் அதைச் சொல்லிக் காட்டுகிறார். நம் கண் அந்த வாக்குவாதத்தில் இருக்கும்போது, பேச்சின் நடுவிலேயே, எந்த இசை முன்னறிவிப்பும் இல்லாமல், பால்மரின் கிண்ணத்தில் கம்பி இறங்குகிறது. திடுக்கிடவைக்கும் காட்சி எப்படி வெட்டப்பட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இந்த வகைப் படங்களில் குறைவு. இயக்குநர் நம் சந்தேகத்தைக் கேரி மேல் குவித்துவைத்திருப்பது அடுத்த கெட்டிக்காரத்தனம். கடைசியில் கேரியும் மனிதன் என்று தெரிந்த பிறகு, தன்னைச் சோபாவிலிருந்து அவிழ்க்கச் சொல்லி அவர் முதலில் பொறுமையாகவும் பிறகு வெடித்தும் பேசுவதுதான் மொத்தப் படத்திலும் சிரிப்பு வரும் ஒரே இடம்.

சோதனையில் என்ன தப்பு? சந்தேகப் பேர்வழியை மற்றவர்களோடு ஒரே சோபாவில் கட்டியது முதல் தப்பு. சரியான நேரத்தில் ஃப்ளேம்த்ரோவர் பற்றாமல் போவது இரண்டாவது. விண்டோஸ் கையில் இன்னொன்று இருந்தும் அவர் உறைந்து நிற்கிறார், உயிர் போகிறது. வெளியே கொட்டகையில் இருக்கும் பிளேரைக் கடைசிக்குத் தள்ளிப்போட்டது மூன்றாவது. எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு திரைக்கதையுடையது. ஒரு துணுக்கு போதும் ஓர் உடலைப் பிடிக்க, அவரவர் சாப்பாட்டை அவரவரே செய்துகொள்ளுங்கள் என்று பிளேரின் உதவியாளர் ஃபுக்ஸ் முன்பே எச்சரித்திருக்கிறார். ஆனால் இங்கே வரிசையாக எல்லோர் விரலையும் கீறுவது ஒரே கத்தி. இதை எந்த விளக்கமும் காப்பாற்றவில்லை.

பால்மர் யாரென்று தெரிந்த பிறகு இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் நடுப்பகுதி முழுச் சுவை தருகிறது. சேர்ந்து தேடப் போகச் சொன்னால் விண்டோஸோடு போக மாட்டேன், சைல்ட்ஸோடு போகிறேன் என்று அடம்பிடிப்பவர் பால்மர். நாரிஸின் தலை கால் முளைத்து நழுவும்போது அதைப் பார்த்து வாய்விட்டு வியந்து, மற்றவர்களுக்குக் காட்டிக்கொடுப்பவரும் அவர்தான். ஒரு துண்டு இன்னொரு துண்டைப் பலிகொடுக்கிறது. அவரவர் துணுக்கு அவரவர் பாடு என்று அடுத்த சில நிமிடங்களில் மெக்ரெடி ஊகிக்கப்போகும் விதிக்கு அதுவே முன்சான்று. நாரிஸ் பாத்திரமும் இப்படித்தான். கேரி விலகியபோது தலைமையை வேண்டாம் என்கிறார். அடிக்கடி மார்பைப் பிடித்துக்கொள்கிறார். நகல் அவ்வளவு கச்சிதம் என்றால் நோயாளி இதயமும் சேர்ந்தே நகலாகியிருக்குமே, தான் நகல் என்பது நாரிஸுக்கே தெரியுமா என்ற விவாதம் ரசிகர்களிடையே ஓய்ந்தபாடில்லை. நகலுக்குத் தன்னைத் தெரியும் என்பதற்கே பால்மரின் நடத்தை சாட்சி சொல்கிறது. நாரிஸின் மாரடைப்பு மட்டும் நிஜமாகவே வந்தது என்று எடுத்துக்கொண்டால் இரண்டும் பொருந்திவிடும்.

பாட்டினுக்கு அப்போது வயது 22. வாரம் ஏழு நாளும் வேலை, ஒரு வருடத்துக்கு மேல். படம் முடிந்ததும் உடல் தளர்ந்து மருத்துவமனையில் சேர்ந்தார். அவருடைய வேலை இன்னும் நிற்பதற்குக் காரணம் அருவருப்பின் அளவு என்பது பாதிப் பதில்தான். ஒவ்வொரு காட்சியையும் பல தனித்தனித் தந்திரங்களாகப் பிரித்து, ஒன்று அலுக்கும் முன் அடுத்ததற்கு மாற்றியிருக்கிறார். நாரிஸின் மார்பு பிளக்கும் காட்சியைப் பாருங்கள். நடிகர் சார்லஸ் ஹாலஹன் மேசைக்கடியில் உடலை மறைத்து, தலையையும் தோளையும் மட்டும் வெளியே வைத்திருக்கிறார். மேலே தெரியும் மார்பு செயற்கை, அதற்குள் ஹைட்ராலிக் தாடை. டாக்டரின் கைகள் துண்டாகும் ஷாட்டில் இருப்பவர் முன்னங்கைகள் இல்லாத மாற்று நடிகர். முகத்தில் ரிச்சர்ட் டைசார்ட்டின் சாயலில் முகமூடி. அவருக்குப் பொருத்திய செயற்கைக் கைகளில் மெழுகால் எலும்பு, ரப்பரால் நரம்பு, ஜெல்லியால் சதை. ஷாட் சில நொடிதான் நிற்கிறது. ஒரு நொடி நீட்டியிருந்தாலும் முகமூடி பல்லை இளித்திருக்கும்.

அடுத்து தலை பிய்ந்து இறங்கும் இடம். சதை இழுபட்டுக் கிழியும் அந்த நூல்நூலான தோற்றம் உருகிய பிளாஸ்டிக்கும் சூயிங்கமும். உருகிய பிளாஸ்டிக்கிலிருந்து எரியக்கூடிய வாயு கிளம்பி அறையில் தங்கியிருப்பதை யாரும் யோசிக்கவில்லை. காட்சித் தொடர்ச்சிக்காகக் கேமரா முன்னால் சிறு நெருப்பு வேண்டும் என்று பற்றவைத்தபோது மொத்தமும் குப்பென்று பிடித்துக்கொண்டது. அணைத்துவிட்டு மறுபடி எடுத்தார்கள். கூண்டுக்குள் நாய் உருமாறும் காட்சியின் உருவம் மட்டும் ஸ்டான் வின்ஸ்டனின் கைவேலை. பாட்டின் மற்றவற்றில் மூழ்கியிருந்ததால் அழைக்கப்பட்டவர், பெயரைப் பங்குபோட விரும்பாமல் நன்றி வரியோடு நின்றுகொண்டார். தலைப்பு எரிந்து திறப்பதுகூடக் கைவேலைதான்: புகை நிரப்பிய மீன் தொட்டி, பின்னால் பிளாஸ்டிக் பை, அதற்கும் பின்னால் விளக்கு. பையைக் கொளுத்தினால் கதிர் கதிராக வெளிச்சம் பீய்ச்சும்.

எல்லாமே வெற்றி என்று சொல்ல முடியாது. இறுதியில் தரையைப் பிளந்து வரும், நகலாகிவிட்ட பிளேரின் உருவத்தை இயக்க ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் தேவைப்பட்டார்கள். திரையில் அதன் பலன் குறைவு. ராண்டல் வில்லியம் குக் பொம்மையை அங்குலம் அங்குலமாக நகர்த்திப் படம்பிடித்த ஸ்டாப்-மோஷன் காட்சிகளில் பெரும்பகுதியை, ரப்பர் உருவத்தோடு ஒட்டவில்லை என்று கார்ப்பென்டர் வெட்டிவிட்டார். சரியான முடிவு, ஆனால் வெட்டிய இடம் பள்ளமாகவே தெரிகிறது. சமையல்காரர் நால்ஸ் இருட்டுக்குள் நடந்துபோகிறார், அவ்வளவுதான், அவர் முடிவே காட்டப்படவில்லை. ஃபுக்ஸ் எப்படி எரிந்தார் என்பதும் அந்தரத்தில் நிற்கிறது. பாத்திரங்களுக்கு ஆழம் இல்லை என்ற பழைய குற்றச்சாட்டு பாதி உண்மை: கேரியும் சைல்ட்ஸும் பிளேரும் மனதில் நிற்கிறார்கள், பென்னிங்ஸ் யாரென்று அவர் பனியில் மண்டியிட்டு அலறும் வரை தெரியாது. பெண்களே இல்லை என்பதும் அடிக்கடி சொல்லப்படுவது. மெக்ரெடியைச் செஸ்ஸில் தோற்கடித்து, அதற்குக் கூலியாக விஸ்கியில் குளிக்கும் கணினியின் குரல் ஏட்ரியன் பார்போவுடையது. கணக்கில் சேர்த்தால் அது ஒன்றுதான்.

குளிர் நம்பும்படி இருப்பதற்குக் காரணம் உண்டு. வெளிப்புறம் பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஸ்டூவர்ட் பகுதியில் எடுக்கப்பட்டது. உள்ளரங்கு லாஸ் ஏஞ்சலஸில். வெளியே வெயில் 38 டிகிரி செல்சியஸைத் தொட, அரங்கத்தை உறைநிலைக்கும் இரண்டு டிகிரி கீழே குளிரூட்டினார்கள். நார்வே முகாமின் இடிபாடு என்று நாம் பார்ப்பது, கடைசியில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்ட இதே அமெரிக்க முகாமின் மிச்சம்தான். கஞ்சத்தனம் சில சமயம் கலைக்கு நல்லது.

இப்போது மெக்ரெடியும் சைல்ட்ஸும் மட்டும் மிஞ்சும் அந்தக் கடைசிக் காட்சி. சைல்ட்ஸின் வாயிலிருந்து மூச்சுப்புகை வரவில்லை, ஆகவே அவர் நகல் என்பது மிகப் பழைய வாதம். புதிய பிரதிகளில் மெலிதாகப் புகை தெரிகிறது. தெரியாவிட்டாலும் பயனில்லை, நகலான பென்னிங்ஸ் வெளியே பனியில் மூச்சுப்புகை விட்டபடிதான் நிற்கிறார். மெக்ரெடி கொடுக்கும் பாட்டிலில் இருப்பது பெட்ரோல், அதைக் குடித்தும் முகம் சுளிக்காததால் சைல்ட்ஸ் மாட்டிக்கொண்டார் என்பது அடுத்தது. ஆளின் நினைவையும் பேச்சையும் நகலெடுக்கும் உயிருக்குப் பெட்ரோலுக்கும் ஸ்காட்சுக்கும் வித்தியாசம் தெரியாதா? சைல்ட்ஸின் காதில் காதணி இருப்பதால் அவர் மனிதன் என்ற வாதம் 2011 முன்கதைப் படத்திலிருந்து இரவல் வாங்கியது. உலோகத்தை நகலெடுக்க முடியாது என்ற விதி 1982 படத்தில் கிடையாது. ஒளிப்பதிவாளர் டீன் கண்டி மனிதர்களின் கண்ணில் ஒரு சிறு ஒளிப்புள்ளி வைத்தார் என்பதுதான் கொஞ்சம் கனமானது. ஆனால் அதை எரியும் முகாமின் வெளிச்சத்தில் இருக்கும் இரண்டு முகங்கள் மேல் போட்டுத் தீர்ப்பு எழுத முடியாது. மெக்ரெடி மீட்கப்பட்டு, ரத்தச் சோதனையில் மனிதன் என்று தேறும் ஒரு முடிவையும் எடுத்துவைத்திருந்தார்கள், பயன்படுத்தவில்லை. விடை தர வழி இருந்தும் தராமல் விட்ட படம் இது. இருவருக்கும் தெரிந்தது ஒன்றுதான்: கம்பி இல்லை, கிண்ணம் இல்லை, சோதிக்க வழியே இல்லை.

1982 ஜூன் 25இல், 'பிளேட் ரன்னர்' வந்த அதே நாளில், 'ஈ.டி.' வந்து இரண்டு வாரம் கழித்து வெளியானது. செலவு ஒன்றரைக் கோடி டாலர், அமெரிக்க வசூல் இரண்டு கோடியைத் தொடவில்லை. என்னியோ மோரிகோனேயின் இசைக்கு மோசமான இசை என்று, மட்டமான படங்களுக்குக் கேலியாகத் தரப்படும் ராஸி விருதுக்குப் பரிந்துரை வேறு. இதயத் துடிப்பு மாதிரி இரண்டு அடி விழும் அந்த இசை! இதில் பயன்படாமல் மிஞ்சிய மெட்டுகள் சில பின்னாளில் 'தி ஹேட்ஃபுல் எய்ட்' படத்துக்குப் போயின. அந்தப் படத்தின் இசைக்கு அவர் ஆஸ்கர் வாங்கினார்.

2011 முன்கதைப் படத்தைத் தவிர்த்தால் நஷ்டமில்லை. அதற்கும் ரப்பர் உருவங்கள் செய்துதான் படம்பிடித்தார்கள். பிறகு அவற்றின் மேல் கணினி வரைகலையைப் பூசி மறைத்துவிட்டார்கள்.

எந்தப் பிரதியில் பார்ப்பது? படத்தின் நீளம் 109 நிமிடம், விகிதம் அகலத்திரை. தொலைக்காட்சிக்காக வெட்டிய பதிப்பு ஒன்று சுற்றுகிறது. பாத்திரங்களை அறிமுகப்படுத்தும் கதைசொல்லிக் குரலும், கடைசியில் எரியும் முகாமிலிருந்து ஒரு நாய் ஓடுவதும் அதன் அடையாளம். கையில் கிடைத்தாலும் முதல் தடவைக்கு வேண்டாம். தட்டு வாங்குவதாக இருந்தால் மண்டலத்தைப் பாருங்கள்; உலகத்தை ஏ, பி, சி என்று பிரித்து, ஒரு மண்டலத்து ப்ளூரே இன்னொரு மண்டலத்து பிளேயரில் ஓடாதபடி பூட்டியிருப்பார்கள். ஸ்க்ரீம் ஃபேக்டரியின் 2016 ப்ளூரே ஏ மண்டலம். சிங்கப்பூர், மலேசியாவில் ஓடும். ஆரோ நிறுவனத்தின் 2017 வெளியீடு, 4கே மீட்டெடுப்பிலிருந்து செய்தது, பி மண்டலம். இந்தியாவும் இலங்கையும் சி மண்டலம் என்பதால் சாதாரண பிளேயரில் இரண்டுமே மக்கர் செய்யும். யுனிவர்சலின் 2021 4கே தட்டுக்கு மண்டலப் பூட்டு இல்லை, ஆனால் 4கே பிளேயர் வேண்டும். டிவியில் ஒளி அளவை ஏற்றிவைக்க ஆசை வரும். ஏற்றினால் நாய்க்கூண்டில் மறைத்துவைத்திருக்கும் ரப்பர் மடிப்புகள் வெளியே வந்துவிடும், விளக்கை அணைத்துவிட்டு டிவியைச் சினிமா அமைப்பில் விடுங்கள். அடித்துடிப்பு இசை டிவியின் சொந்த ஒலிபெருக்கியில் காணாமல் போகும், ஹெட்போன் நல்லது. கார்ப்பென்டரும் கர்ட் ரஸ்ஸலும் படம் ஓட ஓடச் சேர்ந்து பேசும் ஒலி விளக்கம் (கமென்டரி) இருக்கும் தட்டாகப் பார்த்து எடுங்கள். பாதி நேரம் சிரித்துக்கொண்டே இருந்தாலும், படப்பிடிப்பில் எது எப்படி நடந்தது என்று அவ்வளவு தாராளமாகச் சொல்லும் விளக்கங்கள் அதிகம் இல்லை.